பேரேட்டில் தொலைந்த ஏழு பேர்

திருகோணமலையிலே, உட்துறைமுகத்தை நோக்கிச் செல்லும் வீதியொன்றில், வலையும் கயிறும் மிதப்புக் கட்டைகளும் தோணி எஞ்சின்களுக்கு வேண்டிய உதிரிப்பாகங்களும் விற்கும் கடையொன்று உண்டு. கடையின் பெயர் நமக்கு வேண்டாம். வாசலில் நின்றால் உப்புக்காற்றும் புது நைலோன் கயிற்றின் மணமும் சேர்ந்து வரும். உள்ளே நீளமான ஒரு மேசை. அதன் ஒரு முனையில் சிவப்புத் துணியால் முதுகு கட்டிய பேரேடுகள். மறுமுனையில் ஒரு கணினி. பேரேடுகளுக்குப் பொறுப்பானவர் நாற்பது வருஷங்களாக அங்கே கணக்கெழுதும் பெரியவர். கணினிக்குப் பொறுப்பானவள் முதலாளியின் மகள். படிப்பை முடித்துக்கொண்டு வந்து, தந்தையின் வியாபாரத்தைச் சீர்செய்யப் புறப்பட்டவள். இருவருக்குமிடையே பகை கிடையாது. ஆனால், ஒருவருடைய கருவியில் மற்றவருக்கு நம்பிக்கையும் அவ்வளவாகக் கிடையாது.

வாடைக்காற்று தொடங்குவதற்குச் சில தினங்களே இருந்த ஒரு காலைப்பொழுதில், கொழும்பிலுள்ள மொத்த வியாபாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவ்வருஷம் அனுப்பப்பட்ட உயிர்காப்பு அங்கிகளில் ஒரு தொகுதி பழுதானது. இடுப்புப் பட்டியின் கொளுக்கி நனைந்தால் நழுவக்கூடும். வாங்கியவர் ஒவ்வொருவரிடமிருந்தும் அவற்றை உடனே திரும்பப் பெறுக என்பது கடிதத்தின் சாரம். கொந்தளிக்கும் கடலில் கொளுக்கி நழுவினால் என்னவாகும் என்பதைத் துறைமுகத்து மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

"அங்கி வாங்கியவர்கள் யார் யார்?" என்று முதலாளி கேட்டார்.

மகள் கணினியின் முன் அமர்ந்தாள். கடையின் வாடிக்கையாளர் அனைவரும் அதில் வரிசையாகப் பதியப்பட்டிருந்தனர். பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், வாங்கிய பொருள், திகதி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. பாடசாலையில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர்கள் இவ்வறைகளைப் 'புலம்' என்றும், ஒருவரைப் பற்றிய முழு வரியைப் 'பதிவு' என்றும் படித்திருப்பார்கள். வரிகள் யாவும் சேர்ந்தது அட்டவணை. அட்டவணைகள் சேர்ந்தது தரவுத்தளம். இவ்வாறு தரவுகளை அட்டவணைகளாக அடுக்கிக் கணித முறைப்படி வினவும் வழியை 1970ஆம் ஆண்டில் எடுத்துக் கூறியவர் எட்கர் கோட் என்பவர். இங்கிலாந்திலே பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் அவர்.

மகள் தன் வேலையை இரண்டு கூறாகப் பிரித்துக்கொண்டாள். நகரத்து வாடிக்கையாளர்களைக் கடைப்பையன் நேரிற் சென்று பார்க்கலாம். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி முதலிய வெளியூர்களில் இருப்போருக்குத் தொலைபேசியிற் சொல்லலாம். ஆகவே, முதலில் ஊர் 'திருகோணமலை' எனவுள்ளோரில் அங்கி வாங்கியவர்களைக் கேட்டாள். பிறகு, ஊர் 'திருகோணமலை அல்லாத' வேறு இடமாக உள்ளோரில் அங்கி வாங்கியவர்களைக் கேட்டாள். இரண்டு பட்டியல்களும் ஒரு நிமிஷத்துக்குள் வந்துவிட்டன. மொத்தம் 31 பெயர்கள்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பற்றுச்சீட்டுக் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டலானார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் எழுந்த பின்னும் அவர் எழவில்லை. இரண்டு மணியளவில் நிமிர்ந்து, "பிள்ளை, முப்பத்தெட்டுப் பேர்," என்றார்.

ஏழு பேர் எங்கே?

ஊரில்லாத மனிதர்கள்

அவ்வேழு பேரில் இருவருடைய கதை மிகவும் விசித்திரமானது. எவரையும் இரண்டு கூறாகப் பிரித்தால், அவர் ஒன்றில் இந்தக் கூற்றில் இருக்க வேண்டும், அல்லது அந்தக் கூற்றில் இருக்க வேண்டும் என்றே நாம் எண்ணுவோம். திருகோணமலையில் இருப்பவர், திருகோணமலையில் இல்லாதவர் என்ற இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வகை மனிதரும் உண்டோ? தரவுத்தளத்திலே உண்டு. அவர்தாம் ஊர் எழுதப்படாதவர்.

ஊர்ப் புலம் வெறுமையாக இருந்தால், "இவர் ஊர் திருகோணமலையா?" என்ற கேள்விக்கு இயந்திரம் 'ஆம்' எனவும் சொல்வதில்லை, 'இல்லை' எனவும் சொல்வதில்லை, 'தெரியாது' என்று கொள்கிறது. "திருகோணமலை அல்லாத ஊரா?" என்று திருப்பிக் கேட்டாலும் விடை அதே 'தெரியாது' தான். வடிகட்டியோ 'ஆம்' என்ற விடை வந்தவர்களை மாத்திரமே வெளியே விடுகிறது. ஆதலால், ஊர் எழுதப்படாதவர் இரண்டு பட்டியல்களிலும் இடம்பெறார். அவர் விடுபட்டார் என்று ஓர் எச்சரிக்கையும் வராது. இத்தகைய வினவல்களில் உண்மை, பொய், தெரியாது என மூன்று மதிப்புகள் உண்டென்பதை அறியாமல் ஏமாந்தவர்களில், நெடுங்காலம் இத்துறையிற் பழகியவர்களும் அடங்குவர். (எல்லா மென்பொருள்களும் இவ்வாறு நடப்பதில்லை. சில விரிதாள்கள் வெறுமையான அறையை 'அல்லாத' என்ற கூற்றிலே சேர்த்துவிடுகின்றன. ஒன்றிற் பழகியவர் மற்றதில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.) இதைத் தீர்க்கும் வழி எளிது: 'ஊர் வெறுமையாக உள்ளோர்' என்று மூன்றாவது முறையும் கேட்டுவிட வேண்டும்.

அவ்விருவருக்கும் ஊர் ஏன் எழுதப்படவில்லை? இதுதான் சுவையான விஷயம். அவர்கள் கடைக்கு நாள்தோறும் வந்து போகிறவர்கள். முதலாளியோடு தேநீர் அருந்துகிறவர்கள். நன்றாகத் தெரிந்தவருடைய ஊரை எவரேனும் எழுதி வைப்பார்களா? ஒருமுறை மட்டும் வந்து போனவருக்கு விலாசம் முழுவதும் இருந்தது. உற்றவருக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

இன்னும் மூவர் விடுபட்டதற்குக் காரணம் பொருளின் பெயர். கடிதத்தில் 'உயிர்காப்பு அங்கி' என்றிருந்தபடியே மகள் தேடினாள். ஆனால், கடைப்பையன் சில நாட்களிற் பதிவு செய்யும்போது 'லைஃப் ஜக்கெட்' என்றே எழுதியிருந்தான். கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே கேட்டு வாங்குகிறார்கள்! அவனைக் குறை சொல்ல இடமில்லை.

எம் ஊருக்கு எத்தனை பெயர்?

ஊர்ப் பெயரிலும் இத்தொல்லை உண்டு. திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை, ட்ரிங்கோ, ட்ரிங்கோமலி, சிங்களத்தில் திரிகுணாமலய. சீனக்குடாவை ஆங்கிலத்தில் 'சைனா பே' என்று எழுதுவோரும் உளர். நமக்கு இவை ஒன்றுதான். இயந்திரத்துக்கோ ஒவ்வொன்றும் தனித்தனி ஊர். தபாற்குறியீடாகிய 31000 என்ற இலக்கத்தை எல்லோரும் எழுதினால் இக்குழப்பம் ஓரளவு குறையும். ஆனால், தமது தபாற்குறியீட்டை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

ஆறாமவர் விடுபட்ட காரணம் வேறு. அவருடைய பெயர் திரையிலே தெளிவாகத் தமிழில் இருந்தது. ஊரும் இருந்தது, பொருளும் இருந்தது. ஆயினும் தேடினால் அகப்படவில்லை. சில வருஷங்களுக்கு முன் வேறொருவர் 'பாமினி' எழுத்துருவில் தட்டெழுதிய பழைய கோப்பொன்றில் அவருடைய பதிவு இருந்ததே காரணம். இலங்கையில் அவ்வெழுத்துருவை அறியாத அச்சகமும் அலுவலகமும் அரிது. அதில் 'அ' என்று திரையில் தோன்றுவது உண்மையில் ஆங்கில 'எம்' என்ற எழுத்தேயாகும்; தமிழ் எழுத்தின் வடிவத்தை அதற்குப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நாம் காண்பது போர்வையை. கணினி காண்பது உள்ளிருப்பதை. யூனிக்கோட் முறையிலே தமிழ்ப் பெயரைத் தட்டித் தேடுகிறவருக்கு, அந்தப் பழைய பதிவு ஏதோ அந்நிய மொழியில் எழுதியது போலவே ஆகிவிடும்.

யூனிக்கோட் முறைக்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. கோணேஸ்வரன் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் வழங்கும் பெயர். முதலெழுத்தாகிய 'கோ'வை இரண்டு விதமாகக் கணினியில் அமைக்கலாம். ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டுக்கும் இம்மியளவும் வித்தியாசம் தெரியாது. ஆனால், நல்ல மென்பொருள் இரண்டையும் முதலில் ஒருபடித்தாக மாற்றிக்கொண்டாலன்றி, ஒரு கோணேஸ்வரனைத் தேடினால் மற்றைக் கோணேஸ்வரன் வரமாட்டார். அகர வரிசையும் அப்படியே. நமது நெடுங்கணக்கில் கடைசியாக நிற்கும் 'ன' யூனிக்கோட் வரிசையில் 'ந'வுக்கு அடுத்ததாக நிற்கிறது. தமிழ் வரிசையை அறியாத மென்பொருள் அடுக்கித் தந்த பட்டியலில் ஒரு பெயரைக் கண்ணால் தேடுகிறவர், அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்று கண்டு, பட்டியலிலேயே இல்லையென்று முடிவு செய்துவிடுவார்.

இவையன்றித் தொலைபேசி இலக்கங்களின் தொல்லை வேறு. நம் மாவட்டத்து இலக்கங்கள் 026 என்று தொடங்குபவை. விரிதாளில் அதை எண்ணாகப் பதிந்தால், முன்னுள்ள பூச்சியத்துக்கு மதிப்பில்லையென்று அது நீக்கிவிடும். 26 என்றே நிற்கும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவினர் பூச்சியத்துக்குப் பதிலாக 94 என்று எழுதுவார்கள். இலக்கத்தின் கடைசி ஒன்பது எண்களை மட்டும் கொண்டு தேடினால் இவை யாவும் ஒன்றாகிவிடும்.

'உம்' செய்யும் குழப்பம்

மாணவர்கள் கவனிக்கத்தக்க ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். "கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள வாடிக்கையாளர்களைத் தா" என்று முதலாளி கேட்டால், இரண்டு ஊர்க்காரர்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது நமக்கு விளங்கும். அந்த 'உம்'மை அப்படியே இயந்திரத்திடம் சொன்னால், கிண்ணியாவையும் மூதூரையும் ஒருங்கே தம் ஊராகக் கொண்ட மனிதரைத் தேடிவிட்டு, ஒருவருமில்லை என்று அது கைவிரித்துவிடும். இங்கே சொல்ல வேண்டிய சொல் 'அல்லது' என்பதாகும். ஊர் கிண்ணியாவாக இருக்கவேண்டும், அல்லது மூதூராக இருக்கவேண்டும். ஆனால், "மூதூரில் உள்ளவரும் அங்கி வாங்கியவரும்" என்னும்போது அதே 'உம்' உண்மையான 'உம்' ஆகிவிடுகிறது. 'உம்', 'அல்லது', 'அல்ல' என்னும் இம்மூன்று சொற்களையும் கணிதக் குறிகள்போற் கையாளலாம் என்று காட்டியவர் ஜோர்ஜ் பூல் என்ற ஆங்கிலேயர். சிந்தனையின் விதிகளை ஆராய்ந்து 1854ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், அக்காலத்தில் ஒரு கடைக்காரருக்கும் பயன்பட்டிருக்கமாட்டாது. இன்று கடையில் ஒரு பட்டியலை வடிகட்டுகிறவர் ஒவ்வொருவரும் அவருக்குக் கடமைப்பட்டவர்.

ஏழு பேரைத் தேடுவது ஒரு கடையின் பாடு. ஊர் முழுவதும் பெயர்களைத் தேடியலைந்த நாட்களும் இக்கரைக்கு உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை; பூரணை தினம். அன்று காலை வந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கினார்கள். தாயைத் தேடும் பிள்ளைக்கும், பிள்ளையைத் தேடும் தாய்க்கும் இருந்த ஒரே வழி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போய், கையால் எழுதிய பட்டியல்களை விரல் வைத்துப் படிப்பதுதான். பதற்றத்தில் ஒருவர் சொல்ல, பதற்றத்தில் மற்றொருவர் எழுதிய பெயர்கள். ஒரு முகாமிற் சிங்களத்தில், ஒரு முகாமிற் தமிழில், தொண்டு நிறுவனங்களிடம் ஆங்கிலத்தில்.

அந்நாட்களிலேதான் கொழும்பில் இளம் மென்பொருளாளர் பலர் தாமாக முன்வந்து, இரவு பகலாக ஒரு தரவுத்தளத்தை உருவாக்கினர். 'சஹன' என்று அதற்குப் பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா மென்பொருள் மன்றம் அவர்களுக்குத் துணைநின்றது. காணாமற் போனோரைப் பதிந்து தேடுவதற்கு அதில் ஒரு பகுதி இருந்தது. முகாம்களுக்கு ஒரு பகுதி. எந்த நிறுவனம் எந்த மாவட்டத்தில் என்ன உதவி செய்கின்றது என்று வடிகட்டிப் பார்ப்பதற்கு மற்றொரு பகுதி. இக்கடைசிப் பகுதி அற்பமானதன்று. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் ஒரே நாளில் வந்திறங்கினால், ஒரே ஊருக்கு எல்லாரும் அரிசி கொண்டுபோக, வேறோர் ஊருக்கு ஒருவரும் குடிநீர் கொண்டுபோகாதிருக்க இடமுண்டு. எவரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற முறையில் இம்மென்பொருள் வெளியிடப்பட்டபடியால், 2005ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் பூமி நடுங்கியபோதும் இது கைகொடுத்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூக நலன் விருதை இதற்கு அளித்தது. நம் நாட்டுத் துயரத்திற் பிறந்த ஒரு பொருள் பிறநாட்டுத் துயரத்துக்கு உதவிற்று.

பெயரின் எழுத்து மாறினாலும் ஒலியைக் கொண்டு தேடும் முறைகளும் இருக்கின்றன. அவற்றில் மிகப் பழையது 'சவுண்டெக்ஸ்'. 1918ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரொபர்ட் ரசல் என்பவர் அதற்கு உரிமம் பெற்றார். கணினி பிறப்பதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன்னர். பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மற்றைய மெய்களை ஒலியொற்றுமைப்படி ஆறு கூட்டமாக்கி எண்களாக எழுதுவது அம்முறை. 'டி' என்று எழுதினாலும் 'டி-எச்' என்று எழுதினாலும் தம்பிராசா ஒருவராகவே வருவார். ஆனால் ஞானம் என்பவரை ஒருவர் ஆங்கிலத்தில் 'ஜி'யில் தொடங்கி எழுத, மற்றொருவர் 'என்'னில் தொடங்கி எழுதினால், முதலெழுத்து மாறியதால் அவர் இருவராகிவிடுவார். ஆங்கிலப் பெயர்களுக்கு வெட்டிய சட்டை நம் பெயர்களுக்குத் தோளிற் பொருந்தும், கையிற் பொருந்தாது.

'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்ற இரண்டு அறைகளும் அப்படியே. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தையின் பெயரைக் குடும்பப்பெயர் அறையில் இட்டால், தந்தையும் மகனும் மாமனும் மருமகனும் குழம்பிப்போவார்கள். ஒரே அறையில் முழுப்பெயரையும், உரியவர் எழுதுகிறபடியே எழுதிக்கொள்வதுதான் நம்மவர்களுக்கு உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டு வாங்கினாலென்ன, அது ஒருவருக்கு ஒன்றுதானே என்று சிலர் கேட்கலாம். மகளுக்கும் அந்த எண்ணம் வந்தது. ஒருவருக்கு ஒன்று என்பதிலும் சிக்கலுண்டு. பழைய இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் எழுத்துமாக இருந்தது. 2016ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டு எண்களாயிற்று. அதைவிட முக்கியமானது வேறு. அவ்விலக்கத்துக்குள்ளேயே ஒருவர் பிறந்த வருஷம் இருக்கிறது. அடுத்து வரும் மூன்று எண்கள் வருஷத்தின் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பதைச் சொல்கின்றன. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இல்லத்தரசிகள் இதை அறிந்துகொள்வது நன்று. கயிறு விற்கும் கடைக்கு ஒரு பெண்ணின் பிறந்தநாள் எதற்கு? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும், குறித்த தேவைக்கு வேண்டிய அளவே விவரம் சேர்க்க வேண்டும் என்ற கொள்கையையே கொண்டிருக்கிறது. மகள் யோசித்துப் பார்த்து, அந்தப் புலத்தைச் சேர்க்காமலே விட்டாள். அவள் செய்தது சரி.

நிற்க. ஏழாமவரைப் பற்றிச் சொல்லவில்லையே!

அவருடைய பற்றுச்சீட்டின் அடிக்கட்டையில் பெயரே இல்லை. 'காசு' என்று மட்டும் இருந்தது. அதாவது, கைக்காசு கொடுத்து வாங்கிப் போனவர். பெயரில்லாததால் கணினியில் அவர் ஏறவே இல்லை. ஆனால், பெரியவருக்கு ஒரு பழக்கம். பெயர் தெரியாதவரைப் பற்றி ஓரத்தில் பென்சிலால் ஏதாவது குறித்து வைப்பார். அந்த அடிக்கட்டையின் ஓரத்தில், "மூதூர். நீலத் தோணி. இடது கை" என்றிருந்தது. இடது கையால் காசை எண்ணினாராம்.

மூதூருக்குச் செல்லும் மீன் வியாபாரி ஒருவரிடம் செய்தி சொல்லியனுப்பினார்கள். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெரியவர் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பொட்டலமொன்றை இடது கையில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். பொட்டலத்தைப் பிரித்தால், அங்கி வாங்கியபடியே இருக்கிறது, விலைச்சீட்டுக்கூட அகற்றப்படவில்லை.

"இதை நீங்கள் போடவே இல்லையா?" என்று முதலாளி வியந்தார்.

"போட்டால் பொடியன்கள் சிரிப்பார்கள், முதலாளி," என்றார் அவர்.

புதிய அங்கியொன்றைக் கொடுத்து, அதை அங்கேயே அணிவித்துக் கொளுக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார் பெரியவர். மகள் கணினியைத் திறந்து, "உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அண்ணன், இம்முறை பதிந்துகொள்கிறேன்," என்றாள். அவர் சொன்னார். முகம்மது என்று தொடங்கும் நீண்ட பெயர்.

"முகம்மதா, முகமதா, முஹம்மதா? எப்படி எழுதட்டும்?"

அவர் சற்று நேரம் யோசித்தார். "அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பள்ளிவாசற் புத்தகத்தில் ஒரு மாதிரி, தோணிப் பதிவில் இன்னொரு மாதிரி, மகள்," என்றார்.

"அதில் எது உங்கள் பெயர்?"

"மூன்றும்தான்."